வெள்ளிக்கிழமை தெரிந்த செய்தி

போன மாதம் மன்னார் நகரில் இளம் ஊடகவியலாளர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு சிறிய இடதுசாரிப் பத்திரிகையில் வேலை செய்தவள் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என் ஊர் உயிலங்குளத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸிலேயே போய்விட்டேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடையில் கட்டியிருந்த பதாகையை வாசித்தேன். ‘மாற்று ஊடகத்தின் முகங்கள்’ என்றிருந்தது. என் பெயர் போட்ட கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் சுதன் இருந்தான்.

“வணக்கம் ஈஸ்வரி அக்கா” என்றான். எழும்பி நின்று கும்பிட்டான். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தான்.

ஒழுங்கு செய்த தம்பியைக் கூப்பிட்டு, இவன் ஏன் இங்கே இருக்கிறான் என்று கேட்டேன். “அக்கா, பெரிய நிறுவனங்களின்ரை காசில்லாமல் தனிய நிண்டு ஊடகம் நடத்திறவர். நீங்கள் இடது, அவர் மற்றப் பக்கம். ரெண்டு பக்கத்தையும் பிள்ளையள் கேக்கட்டும் எண்டுதான்” என்றார் அவர். இரண்டு பக்கமாம். நான் என் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பிள்ளை வாசல்வரை ஓடி வந்து, “அன்ரி, என்ன நடந்தது? பேசாமல் போறியள்?” என்று கேட்டாள். அந்த இடத்தில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுத்துத்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

நான் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவள் இல்லை. சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போய், அங்கே ஒரு கன்னியாஸ்திரி நடத்திய வகுப்பில் தமிழ்த் தட்டச்சுப் பழகினேன். ஊருக்குத் திரும்பி வந்தபோது அந்தத் தட்டச்சு மட்டும்தான் கையில் இருந்த தொழில். மன்னார் நகரில் ‘உழைகரம்’ என்ற பெயரில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிற பத்திரிகைக்குத் தட்டச்சுக்கு ஆள் தேடினார்கள். கடற்றொழிலாளர், உப்பளத் தொழிலாளர், கமக்காரர் எல்லோரையும் சேர்த்து ஒரு இடதுசாரி அமைப்பு அதை நடத்தியது. முதலில் ஸ்டென்சில், பிறகு கணினி, பிறகு இணையத்தளம். முதல் ஐந்து வருடம் தட்டினேன், அதன்பின் விலகும்வரை சரிபார்த்தேன். சரிபார்ப்பு என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது என்று பலர் நினைப்பார்கள். எங்கள் பத்திரிகைக் கந்தோரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது.

அந்த அர்த்தத்தை வைத்தவர் ஆசிரியர், தோழர் மனுவேல். மெலிந்த மனிதர். சத்தம் போட்டுக் கதைத்து நான் கண்டதில்லை. யார் எழுதிக் கொடுத்தாலும் முதலில் முழுதாக வாய்விட்டு வாசிப்பார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு ஒரே கேள்வி: “இதை ஆர் கண்டது?”

அந்தக் கேள்விக்காகவே ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறி வைத்திருந்தோம். சொன்னவர், கண்டவர், கேட்டு அறிந்தவர். தொலைபேசியில் ஒரு செய்தி வந்தால் சொன்னவரின் பெயரை முதல் நிரலில் எழுதுவேன். இரண்டாவது நிரலில் ஒருவரின் பெயராவது விழாமல் அந்தச் செய்தி அச்சுக்குப் போகாது. கண்டவர் ஒருவர் என்றால் அவரோடு உறவில்லாத இன்னொருவரைத் தேட வேண்டும். அதற்குப் பிறகு சம்பவம் நடந்த இடத்துக்கு நானோ வேறு யாரோ நேரில் போக வேண்டும். எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டி, “நீங்கள் சொன்னது இதுதானே?” என்று கேட்க வேண்டும். ஒருமுறை தலைமன்னார்ப் பக்கம் நாற்பது குடும்பங்களின் வலைகள் அறுந்ததாக எழுதிவிட்டேன். “எண்ணினனீங்களோ?” என்று கேட்டார் மனுவேல். அங்கே உள்ளவர்கள் சொன்னார்கள் என்றேன். “அப்ப நாளைக்குப் போய் எண்ணிக்கொண்டு வாங்கோ” என்றார். போய் வீடு வீடாக எண்ணினேன். முப்பத்தொன்று. அந்த ஒன்பது குடும்பத்துக்காக அந்த இதழ் ஒருநாள் பிந்தி வந்தது.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். சண்டை முடியாத காலத்தில், வீதித் தடைகளில் ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று ஒரு கட்டுரை போட்டோம். சீருடையில் மூன்று பேர் கந்தோருக்கு வந்து, எழுதியது யார் என்று கேட்டார்கள். எழுதியது நான். மனுவேல் அவர்களைக் கதிரையில் இருக்கச் சொல்லி, தேத்தண்ணி வரவழைத்து, “நான்தான் எழுதினனான்” என்றார். நான்கு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த அன்று முகத்தைக் கழுவிவிட்டு அடுத்த இதழின் கட்டுரையை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார்.

இவ்வளவையும் சொல்வது அவரைப் புகழ்வதற்கல்ல. பின்னால் நான் சொல்லப்போவதைச் செய்தவர் ஏதோ ஒரு கோழை என்று யாரும் நினைக்கக் கூடாது. அவர் கோழை இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சுதன் எங்கள் கந்தோருக்கு வந்து போனவன்தான். படிக்கிற காலத்தில் ‘உழைகர’த்தை மன்னார் பஸ் நிலையத்தில் கூவி விற்றிருக்கிறான். பிறகு ரியூஷன் வகுப்பு எடுத்தான். ஒருநாள் வந்து, “அக்கா, உங்கடை பேப்பரை எத்தினை பேர் வாசிக்கினம்?” என்று கேட்டான். நான் உண்மையான எண்ணைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனான். கொஞ்சக் காலத்தில் முகநூலில் ‘எல்லைக்காவல்’ என்று ஒரு பக்கம் வந்தது. முதலில் பழைய வரலாறு, கோயில், தேவாலயம் என்று நல்ல படங்களாகப் போட்டான். பிறகு முஸ்லிம்கள் காணி பிடிக்கிறார்கள், கடை பிடிக்கிறார்கள், கடலைப் பிடிக்கிறார்கள் என்று தொடங்கினான். எங்கள் கட்டுரைகளை நூறு பேர் பார்த்தால் அவன் வீடியோவைப் பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். கையில் கயிறு கட்டி, கறுப்பு ரீசேட் போட்டு, ஊர் ஊராக ஒரு அணியும் சேர்ந்தது. ‘காவல் அணி’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். எந்த ஊரை யாரிடமிருந்து காவல் செய்கிறார்கள் என்று நாங்கள் ஒரு ஆசிரியர் தலையங்கம் எழுதினோம். எழுதியதோடு சரி.

அந்த வருடம் மழை இல்லை. கரையோரம் அரிப்பு ஊரிலிருந்து கொண்டச்சி வரைக்கும் கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போயின. எங்கள் அமைப்பு ஒரு நல்ல வேலை செய்தது. உறுப்பினர்களிடம் சேர்த்து, உழவு இயந்திரத்தில் இழுக்கிற ஒரு தண்ணி பவுசர் வாங்கி, இரண்டு பக்கமும் சிவப்பு மையால் அமைப்பின் பெயரை எழுதி, கத்தோலிக்க ஊர், முஸ்லிம் ஊர் என்று பாராமல் தண்ணீர் கொடுத்தது. அதை ஓட்டியவர் தாசன், அரிப்பைச் சேர்ந்தவர். கடலுக்குப் போகிறவர், அமைப்பின் பழைய உறுப்பினர். உள்ளூராட்சித் தேர்தலுக்கு மூன்று கிழமை இருந்தது; சுதனின் ஆட்களும் அதில் நின்றார்கள். அந்தப் பவுசரைக் காட்டித்தான் எங்கள் ஆட்கள் வாக்குக் கேட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அரிப்புக்கு வெளியே ஒழுங்கை முகப்பில் இருக்கிற அந்தோனியார் கூடு உடைந்து கிடந்தது. ஒரு சீமெந்துத் தூணின் மேல் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சொரூபம். கடலுக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டுப் போகிற இடம். எட்டு மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. ஒன்பது மணிக்கு ‘எல்லைக்காவல்’ வீடியோவே வந்துவிட்டது. உடைந்த சொரூபத்தின் தலை, சோக இசை, பிறகு ஒரு நீல மீன் லொறி அதே வீதியால் போகிற காட்சி. “விடியக்காலமை இந்தப் பாதையாலை லொறி ஓட்டிறது ஆர்? எங்கடை மக்களுக்குத் தெரியும்” என்று சுதனின் குரல். அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. அந்தப் பகுதியில் நீல லொறி வைத்திருந்தவர் ஒருவர்தான்: அன்சார் நானா. பல வருடமாக அரிப்புக் கரையில் மீன் வாங்கி ஐஸ் போட்டு அனுப்புகிறவர்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பத்தரைக்கு அந்த இடத்தில் நின்றேன்.

கல்லெறிந்தால் முதலில் கண்ணாடிதான் உடையும், தூண் நிமிர்ந்து நிற்கும். இங்கே தூண் அடியோடு சாய்ந்து கிடந்தது. கண்ணாடி முழுவதும் ஒரே பக்கமாகச் சிதறியிருந்தது. மழை கண்டு மாதக்கணக்கான ஊரில், தூணுக்குப் பின்னால் மட்டும் சேறு. சேற்றில் உழவு இயந்திரத்தின் பெரிய ரயர் தடம். குந்தியிருந்து தூணின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். விரலில் சிவப்பு மைத் துகள் ஒட்டியது.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. கரைக்கு நடந்து போய், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம், “அன்சார் நானா இண்டைக்கு எத்தினை மணிக்கு வந்தவர்?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை அவர் எங்கை வாறவர்? பள்ளிக்குப் போற நாளெல்லோ” என்றாள் ஒருத்தி. சொல்லிவிட்டு மற்றவளைப் பார்த்தாள். இரண்டு பேருமே அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள். அன்சார் நானா வெள்ளிக்கிழமை வருவதில்லை என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் காலையிலிருந்து அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

தாசன் வீட்டுக்குப் போனபோது நேரம் பன்னிரண்டு. அவர் முற்றத்தில் நிலத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

“ஓம் அக்கா, நான்தான்” என்றார், நான் கேட்பதற்கு முதலே. “விடிய இருட்டோடை தண்ணி குடுக்க வந்தனான். ரிவேர்ஸ் எடுக்கேக்கை பின்னாலை இடிச்சுப்போட்டுது. பவுசரின்ரை பைப்பும் உடைஞ்சு தண்ணி ஊத்துண்டு போச்சு. இறங்கிப் பாத்தால் அந்தோனியாரின்ரை தலை கீழை கிடக்குது. எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை.”

“ஏன் ஆருக்கும் சொல்லேல்லை?”

“சொன்னனான். அந்த இடத்திலை நிண்டே தோழருக்குப் போன் அடிச்சனான். ‘வண்டியை எடுத்துக்கொண்டு வந்து கராச்சிலை விடு, ஆரோடையும் கதைக்காதை, நான் பாக்கிறன்’ எண்டவர்.”

வீடியோ வந்தது ஒன்பது மணிக்கு. மனுவேலுக்கு விடியற்காலையிலேயே தெரியும்.

கந்தோருக்குத் திரும்பி வந்து, தட்டச்சில் பழகிய வேகத்தில் ஒரு பக்கம் எழுதினேன். தாசனின் பெயர், பவுசர், ரயர் தடம், வெள்ளிக்கிழமை வராத லொறி, எல்லாம். மனுவேல் வழமைபோல் வாய்விட்டு முழுதாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

“அடுத்த இதழிலை பாப்பம்” என்றார்.

“அடுத்த இதழுக்கு இன்னும் பத்து நாள் இருக்குது தோழர். இணையத்திலை இப்பவே போடலாம்.”

“ஈஸ்வரி, இருங்கோ. தேர்தலுக்கு மூண்டு கிழமை. எங்கடை வண்டி அந்தோனியாரை உடைச்சுது எண்டு போட்டால் கத்தோலிக்க ஊர் ஒண்டிலையும் எங்களுக்கு ஒரு வாக்கு விழாது. வெல்லுறது ஆர்? சுதன்ரை ஆக்கள்தான். அவங்கள் சபைக்குள்ளை வந்தால் அன்சார் மாதிரி நூறு பேருக்குக் கஷ்டம். நான் அன்சாரைக் காப்பாத்தத்தான் சொல்லுறன்.”

“அந்த மனிசன்ரை லொறியைக் காட்டிப் போட்டிருக்கிறான். சனம் கொதிச்சுப்போய் நிக்குது.”

“ரெண்டு நாளிலை அடங்கிப்போயிடும். முகநூலிலை எல்லாம் ரெண்டு நாள்தான்.”

“தாசன் சொல்லுறன் எண்டு நிக்கிறார்.”

“அவர் அமைப்பின்ரை உறுப்பினர். அமைப்புச் சொல்லுறதைக் கேப்பார்.” கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “நீங்களும்தான்.”

நான் எழும்பினேன். என் மேசைக்கு வந்து இருந்தேன். இதை வாசிக்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எங்கள் இணையத்தளத்தின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. கட்டுரை என் கணினியில் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. நான் கணினியை மூடிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, உயிலங்குளம் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை அன்சார் நானா கரைக்கு வந்திருக்கிறார். சிலர் அவருக்கு மீன் கொடுக்க மறுத்தார்கள். கருவாட்டுப் பெண்களில் ஒருத்தி, “இண்டைக்குப் போயிடுங்கோ நானா, பிறகு வாங்கோ” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்த வீடியோ அதற்குள் ஊர் முழுவதும் போய்விட்டது. ‘காவல் அணி’ ஆட்கள் நகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, உடைந்த கூட்டுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திப் படம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவன்கூட அரிப்பைச் சேர்ந்தவன் இல்லை.

ஞாயிறு, பூசை எல்லாம் முடிந்து பகலானபோது, அன்சார் நானா பள்ளிவாசல் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பங்குச் சுவாமியிடம் வந்தார். நாங்கள் செய்யவில்லை, கூட்டைத் திருத்த நாங்களும் உதவுகிறோம் என்று சொல்ல. அவர்கள் சுவாமியின் அறைவீட்டுக்குள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ லொறிக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே கரை, படகுகள், எரிபொருள் கான்கள். அன்சார் நானா ஓடிப்போய் எரிகிற லொறிக்குள் ஏறி, அதை வெறும் மணலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். படகுகளைக் காப்பாற்றத்தான் ஏறினார் என்று இப்போது அங்கே பலர் சொல்கிறார்கள். பின்னொரு நாள் அவரிடமே கேட்டேன். “என்ரை லொறியைக் காப்பாத்தத்தான்” என்றார். இரண்டு கையும் முழங்கைவரை வெந்துவிட்டன.

எனக்குப் பகல் ஒரு மணிக்குத் தொலைபேசி வந்தது. அப்போதுதான், அப்போது மட்டும்தான், கணினியைத் திறந்து அந்தக் கட்டுரையைப் போட்டேன். மனுவேலுக்குச் சொல்லவில்லை. தாசனுக்குப் போன் அடித்தேன். “நான் சுவாமியட்டைப் போறன் அக்கா. அமைப்புத் தேவையில்லை” என்றார். என் கணவர் மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுபோய் அரிப்பில் இறக்கினார்.

பின்னேரம் சுவாமி கோயில் மணியை அடிக்கச் சொன்னார். சனம் கூடியது. தாசன் படியில் ஏறி நின்று, “கூட்டை உடைச்சது நான். பவுசரை ரிவேர்ஸ் எடுக்கேக்கை இடிச்சனான்” என்றார். பிறகு முன்வரிசையில் நின்ற ஒரு மனுசி கேட்டாள்: “அப்ப ஏன் வெள்ளிக்கிழமை சொல்லேல்லை? என்ரை மகனைப் பொலிஸ் கொண்டுபோயிட்டுது. லொறியை எரிச்சவன் எண்டு. நீ வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால் அவன் வீட்டிலை இருந்திருப்பானே!”

தாசன் என்னைப் பார்த்தார். சனமும் என்னைப் பார்த்தது. “எனக்கும் வெள்ளிக்கிழமை தெரியும்” என்று சொன்னேன். “எழுதினனான். போடேல்லை.”

அந்த மனுசி என் காலடியில் துப்பினாள். நான் துடைக்கவில்லை.

உண்மை வெளியே வந்ததும் சுதன் வீடியோவை எடுத்துவிடுவான் என்று நினைத்த முட்டாளும் நான்தான். அன்றைக்கே புது வீடியோ போட்டான். ‘சொரூபத்தை உடைத்தது இடதுசாரிகள், மூன்று நாள் மறைத்தது இடதுசாரிகள், யாருக்காக மறைத்தார்கள்?’ அதில் பாதி உண்மை. மூன்று நாள் மறைத்தது உண்மை. அந்தப் பாதியை நாங்கள்தான் அவனுக்குக் கொடுத்தோம். முதல் வீடியோவைப் பார்த்ததைவிட இரண்டு மடங்கு ஆட்கள் அதைப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அமைப்பின் கூட்டம் நடந்தது. மனுவேல் தலைமை. ஒழுங்கை மீறியதற்காகத் தாசனை நீக்கினார்கள். எனக்கு எச்சரிக்கை. “வெள்ளிக்கிழமை போட்டிருந்தால் அந்த மனிசன்ரை கை எரிஞ்சிராது” என்றேன். மனுவேல் மிக அமைதியாக, “அதை ஆர் கண்டது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் வாயால் நான் கேட்ட கடைசித் தடவை அது. விலகல் கடிதத்தை அங்கேயே இருந்து கையால் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தேர்தலில் எங்கள் அமைப்புக்கு ஒரு ஆசனம் கிடைத்தது. மனுவேல் இன்றைக்கும் மே தினக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிறார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நான்கு நாள் எனக்காக அடைபட்டுக் கிடந்தவர். அதை நினைக்கிறபோது என் கோபம் குறைய வேண்டும். குறையவில்லை, கூடுகிறது.

அன்சார் நானாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இரண்டு கையையும் சுற்றிக் கட்டி நெஞ்சில் வைத்திருந்தார். அவருடைய மனைவி கதிரை இழுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை.

“நீங்கள் வெள்ளிக்கிழமையே அறிஞ்சனீங்களோ?” என்று கேட்டார்.

“ஓம் நானா.”

மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தபடி சொன்னார்: “ஊரை விட்டுக் கலைபட்டுப் போன எங்கடை சனம் திரும்பி வந்து காணிக்கு அலைஞ்ச காலத்திலை, அதை எழுதின ஒரே தமிழ்ப் பேப்பர் உங்கடைதான். என்ரை வாப்பாவின்ரை காணிப் பிரச்சினையும் அதிலை வந்தது. அந்தப் பேப்பரை இன்னும் வச்சிருக்கிறன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சுதனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவன் பொய் சொல்லுவான் எண்டு தெரியும். நீங்கள் சொல்லாமல் விடுவியள் எண்டு தெரியேல்லை.”

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். “வேண்டாம்” என்றார். “கோட்டுக்கு வருவீங்களோ? நடந்ததை நடந்தபடி சொல்லுவீங்களோ? அது போதும்.”

வருகிறேன் என்றேன்.

வழக்கு இழுபட்டது. தவணைக்குத் தவணை போனேன். கூண்டில் நின்றவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் அரிப்புக் கடற்றொழிலாளர். ஒருவன் அந்த மனுசியின் மகன். சுதன் மீது வழக்கே இல்லை. அவன் யாருடைய பெயரையும் சொல்லவில்லையாம், ஒரு வீதியைத்தான் காட்டினானாம். அப்படித்தான் பொலிசில் எனக்குச் சொன்னார்கள். பொய்யைச் செய்து விற்றவன் மேடையில் இருக்கிறான். உண்மையை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியவர் முன்வரிசையில் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவர்கள் கூண்டில் நின்றார்கள்.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய நாளில், அந்த மூன்று பேருக்காக வந்த சட்டத்தரணிதான் என்னிடம் கேள்வி கேட்டார். இளம் பெண். அந்த மூன்று பேரும் ஏமாற்றப்பட்டவர்கள் என்று காட்டுவது அவளுடைய தேவை. அன்சார் நானா பின்வாங்கில் இருந்தார். வலது கையின் விரல்கள் இன்னும் மடங்குவதில்லை.

“கூட்டை உடைத்தது யார் என்று உங்களுக்கு எப்போது தெரியும்?”

“வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு.”

“எப்போது வெளியிட்டீர்கள்?”

“ஞாயிற்றுக்கிழமை பகல், ஒரு மணிக்குப் பிறகு. லொறி எரிஞ்ச பிறகு.”

“இந்த நாற்பத்தொன்பது மணித்தியாலத்தில் உங்களை யாராவது மிரட்டினார்களா? அடைத்து வைத்தார்களா?”

“இல்லை.”

“அப்படியென்றால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?”

ஆசிரியர் மறித்தார் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். அமைப்பு, தேர்தல், கட்டுப்பாடு என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். நடந்ததை நடந்தபடி சொல்லுவீங்களோ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டை போய் முழுகினனான்” என்றேன். “சனிக்கிழமை நெல்லுக் காயப்போட்டனான். ரெண்டு இரவும் நித்திரை கொண்டனான். ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கிக் கறி வைச்சனான். லொறி எரிஞ்ச நேரம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டு இருந்தனாங்கள்.”

பதிவு செய்துகொண்டிருந்த பிள்ளை தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இதையும் பதிய வேண்டுமா என்று கேட்கிற பார்வை.

“எழுதுங்கோ பிள்ளை” என்றேன். “ஒரு சொல்லும் விடாமல் எழுதுங்கோ.”